கித்துல்கலையில் இல்லாத பாலமும் கணக்கில் வராத தமிழர்களும்

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ், வட்டவளையும் கினிகத்தேனையும் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும்போது தேயிலை குறைந்து இறப்பர் மரங்கள் தொடங்கும். குளிர் விட்டுப் புழுக்கம் ஏறும். பாதையோரம் களனி கங்கை எட்டிப் பார்க்கும். கித்துல்கலை என்ற அந்தச் சிறிய ஊரில்தான் உலகப் புகழ் பெற்ற ஒரு பாலம் இருந்தது. இன்று அந்தப் பாலம் அங்கே இல்லை.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் உறவினர் வீட்டு நிகழ்வை முடித்துக்கொண்டு கிளிநொச்சிக்குத் திரும்பும் வழியில், சுற்றுப்பாதை என்றாலும் பரவாயில்லை என்று இங்கே இறங்கினேன். முச்சக்கரவண்டி ஓட்டிய பையன் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. "பாலத்தப் பாக்கவா? அங்க பாலம் இல்லண்ணே. கல்லுதான் இருக்கு" என்றான். "தெரியும் தம்பி, கல்லைத்தான் பார்க்க வந்தேன்" என்றேன். சிரித்துக்கொண்டே கூட்டிப் போனான்.

ஒரு பெயர்ப்பலகை, மரங்களுக்கிடையே ஆற்றுக்கு இறங்கும் ஒரு ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில் பாசி பிடித்த கொங்கிரீட் அடித்தளங்கள். அவ்வளவுதான். ஆற்றில் வெளிநாட்டவர்கள் இறப்பர் படகுகளில் கூச்சலிட்டபடி போகிறார்கள். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்துக்காக ஒரு மரப்பாலம் இங்கே கட்டப்பட்டு, 1957 மார்ச்சில் கமராக்களுக்கு முன்னால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

படத்தைப் பார்த்திராதவர்களும் அதில் வரும் சீழ்க்கைப் பாட்டின் மெட்டைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கதைக்குள் இருந்திருக்க வேண்டிய, இல்லாமல் போன நம்மவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படத்தின் பாலம்

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952 இல் வெளியிட்ட நாவலை வைத்து டேவிட் லீன் இயக்கிய படம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஒரு ரயில் பாலத்தைக் கட்டுகிறார்கள். கட்டி முடிந்த பாலத்தை இன்னொரு படைப்பிரிவு வந்து தகர்க்கிறது. இதுதான் கதை.

படப்பிடிப்பு பெரும்பாலும் இலங்கையில்தான் நடந்தது. பேராதனைப் பூங்காவும் கல்கிசை ஹோட்டலும் படத்தில் வருகின்றன. பாலத்துக்குக் கித்துல்கலை தெரிவானது. பிரித்தானியப் பொறியியல் நிறுவனமொன்று வடிவமைக்க, உள்ளூர் மரங்களும் உள்ளூர் யானைகளும் உள்ளூர்த் தொழிலாளரும் சேர்ந்து, ஏறத்தாழ 425 அடி நீளத்தில் 90 அடி உயரத்தில் அதை எழுப்பினார்கள். பாலத்துக்கு இரண்டரை இலட்சம் டொலர் செலவானது என்று படநிறுவனம் விளம்பரம் செய்தது. உண்மையான செலவு அதில் கால்வாசிக்கும் குறைவு.

மார்ச் 10 அன்று வெடிவைக்க ஏற்பாடாகியிருந்தது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா பார்வையாளராக வந்திருந்தார். ஒளிப்பதிவாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேராததால் வெடிப்பு நிறுத்தப்பட்டது. ரயில் மட்டும் நிற்காமல் பாலத்தைக் கடந்துபோய் அக்கரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. அதைத் திருத்தி, மறுநாள் காலையில் பாலத்தையும் ரயிலையும் ஒன்றாக ஆற்றில் வீழ்த்தினார்கள்.

படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. அதிலொன்று திரைக்கதைக்கானது. அது ஆங்கிலத்தில் எழுதாத பியர் பூலின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டுகள் என்ற குற்றச்சாட்டில் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். 1980 களின் நடுவில்தான் அவர்களுடைய பெயர்கள் சேர்க்கப்பட்டன. விருது கையளிக்கப்பட்டபோது இருவருமே உயிருடன் இல்லை. ஆனாலும் திருத்த முடிந்தது. எழுதியது யார் என்பதற்குத் தடயம் இருந்தது. கேட்பதற்கும் ஆள் இருந்தது.

உண்மைப் பாலம்

உண்மையான பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது மேக்லோங் என்ற ஆற்றின் மேல் கட்டப்பட்டது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் குவாய் நதியைத் தேடத் தொடங்கியதால், 1960 அளவில் அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே குவே யாய் என்று மாற்றினார்கள். முதலில் ஒரு மரப்பாலமும், அதன் அருகே ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் ஒரு பாலமும் 1943 இல் கட்டப்பட்டன. நேச நாடுகளின் குண்டுவீச்சில் சேதமாகிப் பின்னர் திருத்தப்பட்ட இரும்புப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

இந்தப் பாலம் ஒரு பெரிய பாதையின் சிறு துண்டு மட்டுமே. சயாமின் பான்பொங் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீற்றர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ஜப்பானிய இராணுவம் ரயில் பாதை போட்டது. பர்மாவில் இருந்த தன் படைக்கு மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் பொருள் அனுப்புவது, நேச நாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிப் போனதே காரணம். 1942 இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபர் 17 அன்று இரு முனைகளும் சந்தித்ததோடு முடிந்தது. பல ஆண்டுகள் பிடிக்கக்கூடிய வேலையை ஒன்றரை வருடத்துக்குள் முடித்தார்கள். எப்படி முடிந்தது என்பதற்குப் பதில், தமிழில் அந்தப் பாதைக்கு நிலைத்துவிட்ட பெயரிலேயே இருக்கிறது: சயாம் மரண ரயில்.

அங்கே வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள். படம் பேசுவது இவர்களைப் பற்றி. ஆனால் அதே பாதையில் பர்மியர், மலாயர், ஜாவானியர், தமிழர் என்று ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சம் பேர் வரையில் வேலை செய்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு இலட்சம் வரை என்று கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழு மதிப்பிடுகிறது. கைதிகளின் மரணத்துக்கு ஆளுக்காள் பதிவு இருக்கிறது. தொழிலாளர்களின் மரணத்தில், மதிப்பீட்டின் கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையிலேயே 20,000 உயிர்கள் நிற்கின்றன.

மலாயாத் தோட்டங்களிலிருந்து

மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் இறப்பர் தோட்டத் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிச் சீமைக்கும் நடந்தார்கள். பஞ்சமும் கங்காணியும் இரு பக்கத்துக்கும் பொது. ஒரே ஊரில் அண்ணன் மலாயாவுக்கும் தம்பி இலங்கைக்கும் போன குடும்பங்கள் உண்டு. ஹட்டன் மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கும் பேராக்கில் பால் வெட்டியவர்களுக்கும் இடையே ஒரு கப்பல் பயணத்தின் வித்தியாசம்தான்.

வடக்கிலுள்ள வாசகர்களுக்கும் மலாயா தூரத்து ஊரல்ல. அங்கே ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர்கள் நிறைந்திருந்தார்கள். 'மலாயன் பென்சனியர்' என்ற சொல்லை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் இறப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, சில மாதங்களில் திரும்பி வரலாம் என்ற அறிவித்தல் வந்தது. பசியில் இருந்தவர்கள் நம்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து கடிதம்கூட வராதபோது மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டத்தைச் சேர்த்துக் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றிய கதையும் பதிவாகியிருக்கிறது. சில இடங்களில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் அந்த முகாம்களில் இருந்தார்கள்.

ஏன் இவர்கள் அதிகமாகச் செத்தார்கள்?

ஒரே காடு, ஒரே மழை, ஒரே அடி. அப்படியிருந்தும் தொழிலாளர்கள் கைதிகளைவிட அதிக விகிதத்தில் இறந்தார்கள். இதற்கான காரணங்களை நாம் விளங்கிக்கொள்வது முக்கியம்.

கைதிகள் ஒரு படையாக வந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் வைத்தியர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், மலகூடம் தள்ளி வெட்ட வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. முக்கியமாக, யார் எந்த நாளில் எந்த நோயில் இறந்தார் என்று ஒளித்து ஒளித்து எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இவை எதுவும் இல்லை. முன்பின் தெரியாதவர்களை ஒரே கொட்டிலில் அடைத்தார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். பயந்து காட்டுக்குள் ஓடியவர்கள் அங்கேயே விழுந்தார்கள். நிலைமை மோசமான பிறகு, சிங்கப்பூரில் இருந்த கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களை இந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. உடல்களைக் குழிகளில் மொத்தமாகப் போட்டார்கள், அல்லது எரித்தார்கள். செத்தவர்களின் பெயர்களை எழுத அங்கே யாரும் இருக்கவில்லை.

போர் முடிந்ததும் கைதிகளின் உடல்களைத் தேடி எடுத்து ஒழுங்கான மயானங்களில் அடக்கினார்கள். காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உண்டு. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி எல்லாம் பொறித்திருக்கும். அதே ஊரில் 1990 இல் கரும்புத் தோட்டமொன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படும் அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பெயர் தெரியாது.

கரும்புத் தோட்டம் என்ற இடத்தில் கொக்குத்தொடுவாயையும் செம்மணியையும் வைத்துப் பார்க்காமல் என்னால் இந்தச் செய்தியைக் கடக்க முடியவில்லை.

1957 இல் ஆற்றுக்கு மேலே இருந்தவர்கள்

கித்துல்கலையில் ஓடும் தண்ணீர் ஹட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களில் பெய்த மழை. சிவனொளிபாத மலைச்சாரலிலிருந்து வரும் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. பின்னாளில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்து அந்தத் தண்ணீரை மின்சாரத்துக்காக மறித்தன. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாக்கலைக்குள் போனது. வறட்சி வந்தால் கோயில் வெளியே தெரியும்.

பாலம் வெடித்த அந்த 1957 மார்ச்சில், ஆற்றின் மேற்பகுதியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நாடே இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு வருடம் வாக்குரிமையும் போனது. ஜப்பானியர் நம்பவைத்துக் கூட்டிக்கொண்டுபோன அதே மக்களின் உறவுகள், இங்கே எந்த வாக்காளர் இடாப்பிலும் இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மரண ரயிலின் கதை படமாகியது. அந்தக் கதையில் தமிழ்த் தொழிலாளி என்று ஒரு பாத்திரம் இல்லை.

பாலம் விழுவதைப் பார்த்துவிட்டுப் போன பிரதமர், நான்கு மாதங்கள் கழித்து ஜூலை 26 அன்று செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் அதைக் கைவிட்டார். 1964 இல் வந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. எண்ணிக்கையாக மட்டும் நம்மை எழுதுவது புதிதல்ல.

வன்னியில் மறுபடியும்

1958 இலும் அதைவிட அதிகமாக 1977 இலும் இனக்கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வடக்கே வந்தவர்கள் பலர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் காடுகளை வெட்டிக் கழனியாக்கினார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் தருமபுரத்துக்கு வந்தது. அம்மாவும் பெரியம்மாவும் நோர்வூட் லயன் ஒன்றில் பிறந்தவர்கள். பெரியம்மா 2009 ஏப்ரலில் பொக்கணையில் எறிகணையில் போனார். கடற்கரை மணலில் புதைத்துவிட்டு நடந்தோம். இடம் கேட்டால் இன்று எங்களுக்கே காட்டத் தெரியாது.

இறுதி யுத்தத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என்றது. அதே வருடம் ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, அரசாங்கத்தின் சொந்தக் குடித்தொகைப் புள்ளிவிபரங்களை வைத்தே, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். சயாம் பாதையில் கண்ட இடைவெளியைவிட இது பெரியது.

இதற்குள் மலையக வம்சாவளியினர் எத்தனை பேர் என்று பிரித்தறிவது இன்னும் கடினம். வடக்கில் குடியேறியவர்களில் பலர் குடிசன மதிப்பீட்டில் தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டவர்கள். உரிமைக்காக அப்படிப் பதிந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் அதன் பிறகு அவர்களுடைய மரணத்தைத் தனியாகத் தேட ஒரு நூல்முனைகூடக் கிடைப்பதில்லை.

மலேசியத் தமிழர்கள் தாமதமாகச் செய்தது

சயாம் மரண ரயிலைப் பற்றி மலேசியாவில் தமிழில் நாவல்கள் வந்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் முக்கியமானவை. தப்பி வந்தவர்களைத் தேடி வாய்மொழியைப் பதிவுசெய்தவர்களும் இருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் காஞ்சனபுரி விகாரையொன்றின் வளவில் அந்தத் தமிழர்களுக்காக நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த முயற்சிகள் பெருகியபோது, போய்த் திரும்பியவர்களில் ஒரு சிலரே தொண்ணூறு வயதில் எஞ்சியிருந்தார்கள். நடுகல் நட முடிந்தது. அதில் பொறிக்க முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை.

முள்ளிவாய்க்காலில் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே நடமாடுகிறார்கள். 2009 இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்னும் இளவயதில்தான் இருக்கிறது. இந்தக் காலம் நமக்கு எப்போதும் இருக்காது.

அரசாங்கம் தரும் மரணச் சான்றிதழும், 2016 இன் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு வந்த காணப்படாமைச் சான்றிதழும் காணி, வங்கிக் கணக்கு போன்ற தேவைகளுக்கானவை. அவற்றை எடுப்பதா மறுப்பதா என்பதைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களே தீர்மானிக்க வேண்டும். நான் சொல்வது வேறு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். அடையாள அட்டையில் இருந்த பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த ஊர் அல்லது தோட்டம், கடைசியாக இருந்த கிராம சேவகர் பிரிவு, கடைசியாகக் கண்ட இடமும் நாளும், கண்டவர் யார். நாள் சரியாகத் தெரியாவிட்டால் "சித்திரை வருடப்பிறப்புக்கு முன்" என்று எழுதினாலும் போதும். இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகளில் இருக்க வேண்டும். எந்த விசாரணைக்கும் எந்த நூலுக்கும் எந்த நடுகல்லுக்கும் பின்னால் ஒருநாள் இதுதான் அடித்தளம்.

திரும்பும் வழியில்

முச்சக்கரவண்டித் தம்பி பாதையில் காத்திருந்தான். "கல்லப் பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன் என்றேன். மரண ரயிலில் செத்தவர்களில் நம் ஆட்கள் ஆயிரமாயிரம் என்று சொன்னேன். அவனுக்கு அது புதுச் செய்தி. "இங்க வர்றவங்க யாரும் அதச் சொல்லலியே" என்றான்.

கொழும்பு பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கொப்பியை எடுத்து எங்கள் குடும்பத்துப் பட்டியலைத் தொடங்கினேன். இரண்டு பெயர்கள் எழுதினேன். மூன்றாவது பெரியம்மா. பேனா நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பெரியம்மா என்றே கூப்பிட்டிருக்கிறேன். அயலில் எல்லோருக்கும் அவர் 'நோர்வூட் அக்கா'. அவருடைய பெயர் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "எந்தப் பேரக் கேக்குற?" என்றார் அம்மா. "தோட்டத்துச் செக்ரோல்ல ஒரு பேரு எழுதினாங்க. ஆத்தா வச்ச பேரு வேற."

இரண்டையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.